வேலி தாண்டிய சங்குப்பூ

ஒக். 7, செவ்வாய்
காலையிலேயே தூறல். துணி காயவில்லை. வாங்க: கரட், பருப்பு, நெருப்புப் பெட்டி.

பக்கத்து வீட்டுச் செல்வராணிக்கு லொறியில் கல் வந்து இறங்கியது. கம்பி வேலியைப் பிடுங்கிவிட்டு ஆறடி மதில் கட்டப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை கல் வைத்துக் கட்ட மேசன் பாஸ் வருகிறாராம்.

கட்டட்டும். எனக்கென்ன.

முப்பது வருடப் பழக்கம். என் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். ஆனால் சாமிக்கு நான் வளர்க்கும் சங்குப்பூக் கொடியைத் தினமும் தன் பக்கம் இழுத்துப் பூப் பறித்தால்? நான் கம்பு நட்டுக் கட்டிவைக்க, விடிந்தால் நுனி அவள் வேலியில். இரண்டு மாதத்துக்கு முன் ரோட்டில் எல்லார் முன்னாலும் "கள்ளி" என்றேன். அன்றிலிருந்து பேச்சில்லை. ஆனால் கொடி ஒழுங்காக என் பக்கம் நிற்கிறது. உறைத்திருக்கிறது!

ஒக். 8, புதன்
வெயில். பேத்தி தர்ஷினி கெம்பஸிலிருந்து வந்தாள். செடிகொடிப் படிப்பு. நான் ஐந்தாம் வகுப்பு, அவள் கெம்பஸ். எங்கள் ஆட்களில் முதல் ஆள். இதை எத்தனை தடவை எழுதினாலும் ஆசை தீராது.

லெப்டொப்பில் ஒரு பழைய படம் காட்டினாள். கறுப்பு வெள்ளை, சத்தமில்லை. மொட்டு நடுங்குகிறது, முட்டுகிறது, இதழைத் தள்ளித் திறக்கிறது. உயிர் போகிற மாதிரி ஒரு பாடு! அப்புறம் ஒரு பட்டாணிக் கொடி. நுனி சுற்றிச் சுற்றி வருகிறது, கண் தெரியாதவர் சுவரைத் தடவுகிற மாதிரி. குச்சி பட்டதும் பிடித்துக்கொண்டது. என் கையில் தேத்தண்ணி ஆறிப்போனது.

"பேயா இது?"

"இல்ல அம்மாயி. அந்தக் காலத்துல ஒரு வெள்ளக்காரரு கெமராவ நாள்கணக்கா வச்சு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு படமா எடுத்து, வேகமா ஓட்டியிருக்காரு. பூ சும்மா நிக்கிற சாமான்னு நெனச்ச சனமெல்லாம் இதப் பாத்துத்தான் வாயப் பொளந்துச்சாம்."

"எல்லாக் கொடியும் இப்படித் திரியுமா?"

"ஆமா. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். எழும்பிப் போய் வேலியைப் பார்த்தேன்.

ஒக். 9, வியாழன்
வெள்ளைக்காரன் ஊர்க் கொடி அப்படிச் செய்யலாம். நம்முடையது செய்யுமா? தர்ஷினியின் ஃபோனைக் குசினி யன்னலில் வேலியைப் பார்த்து வைக்கச் சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை.

பார்த்தோம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வெளிச்சம். சங்குப்பூ நுனி ஆடி ஆடி அங்கே போய்க் கம்பியைப் பிடித்தது. தொட்டவர் யாருமில்லை.

ஐயோ.

அதோடு முடியவில்லை. படத்தில் சட்டென்று செல்வராணி வந்தாள். தன் கம்பியில் சுற்றியதைப் பிரித்து, எங்கள் பக்கத்துக் கம்பில் விட்டாள், மறைந்தாள். கொடி மறுபடி போனது. மறுபடி வந்தாள். ஒரே நாளில் நாலு தடவை.

இரண்டு மாதமாக என் கொடியை என் பக்கம் வைத்தது அவள் கை!

"அம்மாயி, இவங்களத்தானே நீங்க கள்ளின்னு..."

"வாய மூடு புள்ள."



ஒக். 10, வெள்ளி
மேசன் பாஸ் ஏழு மணிக்கே வந்துவிட்டார். கூட இரண்டு பேர். நூல் கட்டி அளந்தார்கள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு. உள்ளே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வேலியடிக்குப் போனேன். மெதுவாகச் சொன்னால் போதாது, திட்டியது மெதுவாகவா?

"செல்வராணி! கொடி தானாத்தான் வந்திருக்கு. நீ இழுக்கல. நான் சொன்னது அபாண்டம்!"

மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்," என்றாள். "குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு போச்சு. உங்க வாய்க்குப் பயந்து கொடிக்குக் காவல் இருந்தேன்க்கா."

அக்கா என்றாள்.

மேசன் பாஸுக்கு அவசரம். "அப்ப மதில் ஆறடிதானே?"

செல்வராணி என்னைப் பார்க்கவில்லை. கல் அடுக்கைப் பார்த்தாள்.

"மூணடி போதும்."