குவைத்திலிருந்து வந்த கிளிக்குகள்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ரகுநாத் மே மாத அறிக்கையைப் பார்த்தார். கூகுளில் எங்கள் இதய கிளினிக் விளம்பரத்தை 1,840 பேர் தொட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த நோயாளிகள் இருபத்திரண்டு.

"கிளிக்கக் காட்டாத பரிமளா, பேஷன்ட்டக் காட்டு. இந்த மாசமும் இப்படின்னா விளம்பரமும் வேணாம், அதுக்கு ஒரு ஆளும் வேணாம்."

அந்த ஆள் நான்தான். வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 4

ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் குவைத், சிங்கப்பூர், ஷார்ஜா. அங்கிருந்து யார் புதுக்கோட்டைக்கு வந்து ஈசிஜி எடுக்கப்போகிறார்கள்? வீண். இனி நம் மாவட்டத்துக்குள் மட்டும் விளம்பரம் தெரியும்படி மாற்றிவிட்டேன்.

ஜூன் 12

கிளிக் பாதியாகிவிட்டது. ஆனால் அத்தனையும் உள்ளூர். டாக்டர் தலையாட்டினார்.

ஜூன் 18

பதினான்கு நாளில் புது நோயாளி மூன்றே பேர். விளம்பர வாசகத்தை மாற்றினேன், போன் நம்பரைச் சரிபார்த்தேன். எங்கே தப்பு?

ஜூன் 20

குவைத்திலிருந்து மெல்வின் என்பவர் பேசினார். நம் மாவட்டத்து ஆவூரில் தனியாக இருக்கும் அவருடைய அம்மா அற்புதமேரிக்கு மூன்று நாளாக மூச்சு வாங்குகிறதாம்.

"போன மாசம் தேடுனப்ப மொதல்லயே ஒங்க நம்பர் வந்துச்சுங்க. அப்ப அம்மா வேணாம்னுருச்சு. இப்ப ரெண்டு நாளாத் தேடுறேன், காணோம். ஊர்க்காரர் ஒருத்தர்ட்ட கேட்டு வாங்குனேன்."

பதிவேட்டைப் புரட்டினேன். மே மாதம் வந்த இருபத்திரண்டு பேரில் பதினாறு பேருக்கு முன்பதிவு செய்தது வெளிநாட்டு எண்களிலிருந்து. தேடியது பிள்ளைகள். வந்தது பெற்றவர்கள். இதுகூடவா எனக்குத் தெரியல? எஞ் சின்ன மாமாவே ஷார்ஜாவுலதான இருக்காரு.

உடனே பழையபடி மாற்றினேன். அந்த அம்மாவை வரவழைத்தோம். டாக்டர் பார்த்ததுமே திருச்சிக்கு அனுப்பினார். ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும் என்றார். நான் செய்ததைச் சொன்னேன்.

ஜூன் 23

அற்புதமேரி அம்மா இறந்துவிட்டார்.

ஜூன் 30

வேலை போகவில்லை. டாக்டர் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஜூலை 2

அடக்கத்துக்கு வந்திருந்த மெல்வின், திரும்பிப் போகுமுன் கிளினிக்குக்கு வந்தார் — எனக்கு நன்றி சொல்ல. என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. விளம்பரம் அங்கே தெரியாமல் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மெல்வின் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"இப்பத் தெரியுதுங்களா, அங்கிட்டு?"

"தெரியுதுங்க."

"எங்க ரூம்ல எட்டுப் பேருங்க. எல்லாருக்கும் அம்மா அப்பா ஊர்லதான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.