பாத்ரூம் கதவும் ஐம்பது காசும்

தங்கச்சி,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்காரர், "அக்கா, அம்பது காசு சில்லறை இருக்கா?" என்று கேட்டார். பர்ஸில் ஒரே ஒரு ஐம்பது காசு இருந்தது. "இல்ல லா" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். அது நீ கொடுத்த காசு. அதை எப்படிக் கொடுப்பேன்?

மேருவில் என் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் இல்லத்துக்கு நீ முதன்முதலில் வந்த நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அறக்கட்டளையிலிருந்து ஆள் வருகிறது, கேட்டிருந்த வேன் கிடைத்துவிடும் என்று சுவருக்குப் பெயின்ட் அடித்து, பிள்ளைகளுக்கு நடனம் பழக்கி, கேசரியும் கிண்டி வைத்திருந்தேன். நீயோ நேரே பாத்ரூமுக்குப் போனாய். "உள்பக்கம் தாப்பாளே இல்லையே அக்கா?" என்றாய்.

"நான்தான் கழட்டினேன். ஒரு சின்னது உள்ள மாட்டிக்கிட்டு, கதவையே உடைக்க வேண்டியதாப் போச்சு. பாதுகாப்புக்குத்தான்."

"உங்க பாத்ரூமுக்கு இருக்கா?"

எனக்கு வந்ததே கோபம்! வேனைப் பற்றிப் பேசாமல் இவள் ஏன் தாழ்ப்பாளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். நீ விடவில்லை. ஓரமாக நின்றிருந்த ஒருத்தியைப் பார்த்து, "அந்தப் பிள்ளை சட்டை ஏன் ஈரமா இருக்கு?" என்றாய்.

"சட்டையோடதான் குளிப்பா. நாலு மாசமா சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா. ஒரே பிடிவாதம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. அவள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து மீட்கப்பட்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் கோப்பைப் படித்து, பத்திரமாக அலமாரியில் பூட்டி வைத்ததே நான்தான். கதவைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

வேனுக்கு முன்னால் பூட்டு வேண்டும், வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு பேச ஓர் ஆலோசகர் வேண்டும் என்று நீ எழுதிக்கொண்டு போனாய். அறங்காவலர்களில் ஒருவர், "வேன்ல நம்ம பேரை எழுதலாம், தாப்பாள்ல எங்க எழுதுறது?" என்றாராம். "யாரு போட்டதுன்னு அதுங்களுக்குத் தெரிய வேணாம் சார், பூட்டினா போதும்" என்றாயாம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே இதைச் சொன்னாய். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் சாப்பிட மறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டும் வந்தது. உள்ளே பூட்டிக்கொள்ளலாம், ஆபத்தென்றால் வெளியே இருக்கும் பிளவில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். "ஆபத்துக்கு மட்டும்" என்று சொல்லி என் உள்ளங்கையில் ஐம்பது காசை வைத்தாய்.

அந்த ஈரச்சட்டைக்காரிதான் முதலில் போனாள். பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். அப்புறம் தண்ணீர்ச் சத்தம். அரை மணி நேரமாயிற்று. பதறிப்போய்க் காசோடு கதவருகே போனேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"விடுங்க அக்கா. கேளுங்க."

உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். இல்லத்துக்கு வந்ததிலிருந்து அவள் உரக்க ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மாடி! பத்துமலையில் காவடிகளுக்கு நடுவே நின்றபோதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. காய்ந்த சட்டையும் தலையில் துண்டுமாக வெளியே வந்து, "பசிக்குது" என்றாள்.

வேன் அடுத்த வருடம் வந்தது, பெரிய எழுத்தில் பெயரோடு.

நீ எங்களை விட்டுப் போகுமுன் கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். வெளியிலேயே நின்று, "வரலாமா?" என்றேன். உள்ளிருந்து உன் சிரிப்பு. "தேறிட்டீங்க அக்கா." திரைக்கு இந்தப் பக்கமே அழுது முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள், என்னோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உன் காசைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஸ்டூல் போட்டுக் காத்திருப்பேன். எல்லாரும் தாங்களாகவே திறந்துகொண்டு வந்துவிட்டார்கள், தங்கச்சி.