மடிப்புக்குள் போன பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு, வளவனின் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா? நான் நலம்.

பூனாவில் எங்கள் லாரி கம்பெனியின் மாத இதழ் வந்துவிட்டது. டிரைவர்கள் செல்போனில் படிக்கப் பெரிய எழுத்தில் ஒரே பத்தி, அச்சுக்குச் செய்தித்தாள் போல இரண்டு பத்தி, சுற்றிலும் வெற்று ஓரம் என்று தனித்தனியாக வடிவமைத்திருந்தேன். நாமக்கல்காரரான முதலாளி, "வெறுங் காயிதத்தயா அனுப்பறது? ரெண்டுக்கும் ஒரே பக்கம் போதும்" என்று ஓரமெல்லாம் தன் படங்களைப் போடவைத்தார். செல்போனில் எழுத்து எறும்பாகிவிட்டது. "ஒருத்தனும் படிக்கலியே, என்னத்தப் பண்ணி வெச்ச?" என்று என்னையே திட்டினார். சிரித்துக்கொண்டேன்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

இதோ, முதலாளி கூப்பிடுகிறார். இதழை இத்துடன் வைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். ஓரம் இல்லாததால் என் பெயர் ஸ்டேப்ளர் பின் அடித்த நடு மடிப்புக்குள் போய்விட்டது. பார்க்க வேண்டுமென்றால் கிழித்துத்தான் பார்க்கணுங்க.

வளவன்