பன்னிரண்டாவது முள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் பரவாயில்லை, பரவாயில்லை என்றே சொல்லிவைத்தேன். இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் என் வீட்டுக்காரர் காதில் விழும். பக்கவாதம் வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோனது, காதை மட்டும் தொடவில்லை. அவர் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர் விழுங்குவதைப் பரிசோதிக்கப் போகிறார்கள். சரியாக இறங்கவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்களாம். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். மூன்று நாளாகக் கஞ்சியைக்கூட வாயை இறுக்கிக்கொண்டு தள்ளிவிடுகிறார். பிடிவாதம் என்று நினைத்துக் கத்திவிட்டேன், அக்கா.

விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண், மீன் கொடுத்துப் பாருங்கள் என்றாள். பொரிக்கக் கூடாதாம். ஓவனில் வேகவைக்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும், ஈரம் காயக் கூடாது, ஒரு முள் இருக்கக் கூடாது. எங்கள் கல்யாண நாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த ஓவன் இத்தனை வருஷமாகத் தட்டு அடுக்கும் அலமாரியாகத்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் அதைக் காலி செய்தேன்.

முதல் துண்டைத் திறந்தபடியே வேகவிட்டேன். வறண்டு நார் நாராகப் போய்விட்டது. அந்த நார் அவர் தொண்டையில் ஒட்டியிருந்தால் என்னாவது? நின்றபடியே நானே தின்று தீர்த்தேன். அடுத்ததற்கு உப்பும் நசுக்கிய பூண்டும் ஒரு கரண்டி எண்ணெயும் தடவினேன். இருமல் வந்துவிடுமோ என்று மிளகுத்தூளைத் தொடவே இல்லை. எலுமிச்சையை வட்டமாக நறுக்கி மேலே வைத்து, அலுமினியத் தாளில் இறுக்கமாகப் பொட்டலம் கட்டினேன். நூற்றெண்பது டிகிரியில் இருபது நிமிஷம். பிரித்தபோது சாறு உள்ளேயே நின்றது. வாசம் வந்ததும் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

முள்ளே கிடையாது என்று மீன்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். இன்று பிடித்த மீன் என்று அந்த ஆள் சொல்வதையே நான் நம்புவதில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். தட்டுப்பட்டதை நகத்தால் பிடிக்க முடியவில்லை. அவர் கடிகாரம் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து அந்தச் சின்ன இடுக்கியை எடுத்து வெந்நீரில் கொதிக்கவைத்தேன். அந்த மேசையை நான் துடைத்தாலே அவருக்கு எப்படிக் கோபம் வரும், உனக்குத் தெரியாதா? பதினோரு முள் வந்தது. இனி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

தட்டோரத்தில் இடுக்கியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். வீசி எறியப் போகிறார் என்று ஒதுங்கினேன். அவரோ கடிகார வேலைக்குக் கண்ணில் செருகும் லென்ஸைக் கேட்டு மேசையைக் காட்டினார். எடுத்துச் செருகிவிட்டேன். பழக்கமில்லாத அந்த இடது கையால் மீனை ஏடு ஏடாகப் பிரித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தலைமுடி மாதிரி ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். நான் பார்த்து முடித்த மீன், அக்கா.

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, குழறிக் குழறிச் சொன்னார்: "எனக்கு... பயமா இருக்கு. அதான்... வாயத் திறக்கல."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. இந்த மனிதரையா பிடிவாதக்காரர் என்று கத்தினேன்?

ஆறிப்போன மீனில் பொட்டலத்துச் சாற்றைச் சூடாக்கி ஊற்றிப் பிசைந்தேன். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, கால் கரண்டி கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு 'ஆ' சொல்லவைக்க வேண்டும். குரல் கொழகொழவென்று வந்தால் மூச்சுக்குழாயில் போயிருக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஐந்து வாய் இறங்கியது. ஆறாவதில் இருமினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருமல் அடங்கி 'ஆ' என்றார், குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஏழாவது வாய்க்கு அவரும் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கும் மீன் வாங்கி வைத்திருக்கிறேன். முள் பார்ப்பது அவர் வேலை என்று முடிவாகிவிட்டது. ஆனால் என் பயம் இம்மியும் குறையவில்லை. ஆறு வாய் போதுமா, வெள்ளிக்கிழமை அந்நியர்கள் முன்னால் வாயைத் திறப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. அவர் விழுங்கும்போதெல்லாம் என் தொண்டையும் கூடவே விழுங்குகிறது.

உன் முழங்காலோடு உன்னை அவ்வளவு தூரம் வரச் சொல்ல மாட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், வியாழனுக்குள் வந்துவிடும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன் மட்டும் செய்யாதே. எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் எடுத்து மெதுவாக விழுங்கு. அது இறங்கி முடியும்வரை அவரை நினைத்துக்கொள், அக்கா.

சின்ன வயதில் நீ கூப்பிட்ட அதே
பயந்தாங்கொள்ளித் தங்கை