வெள்ளிக்கிழமைச் சீட்டு

ஃப்ரெஸ்னோ,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

என் மகள் நெரெய்டாவுக்கு,

உன் அப்பாவும் நானும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சிகாகோக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது, ஏனென்றால் எனக்கு வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்தேனே, பதில் இல்லாமல் வைக்கவில்லை, வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பயந்து வைத்தேன். ஃபோனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், காகிதத்தில் அந்த வேலை நடக்காது, அதனால் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி, அழுவதென்றால் அப்புறம் அழு.

இங்கே ஒரு வாரமாக மூடுபனி, எதிர்வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்கிறது, நாய் தெரியவில்லை. உன் அப்பாவின் முழங்கால் பனிக்கு இறுகிக்கிடக்கிறது, சர்க்கரையும் ஏறிக்கிடக்கிறது. நவம்பரில் அரசாங்க மருத்துவ உதவியை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேனே, ஏன் நிறுத்தினார்கள் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, உனக்குத்தான் தெரியுமே. உங்கள் வீட்டு வருமானம் ஏறிவிட்டது, இனி உங்களுக்குத் தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. காகிதத்தில் நான் பணக்காரி, நெரெய்டா! இன்சுலினுக்கு மருந்துக்கடையில் கைக்காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து முள்ளுக்கள்ளிக் கறியும் பயறும் தின்கிற பணக்காரி. உன் அப்பா சிரிக்கிறார், "கோடீஸ்வரி, எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், உன் ஞானத்தந்தை எவராடோ உனக்குச் சொன்ன கதையை ஒரு பக்கம் வை. ஆகஸ்டில் அவர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையைக் காண்டிராக்ட் எடுத்து என்னையும் சேர்த்துக்கொண்டார். மக்கள் வரிப்பணத்தில் கட்டுகிற கட்டடம், அதில் பெயிண்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கமே கூலி நிர்ணயித்திருக்கிறது, வெளியில் வீடுகளுக்கு அடித்தால் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. காசோலையும் அப்படியே வந்தது, ஒரு சென்ட் குறையவில்லை. முதல் காசோலையை நான் மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதேன், இருபது வருஷமாக ஏணி மேல் நின்று கூரையைப் பார்த்தே கழுத்து பிடித்துப்போன எனக்கு ஒரு மனுஷக் கூலி வந்துவிட்டது என்று. அந்த வெள்ளிக்கிழமையே எவராடோவின் அண்ணன் மகன் எங்கள் எல்லாரையும் வேனில் ஏற்றிக் காசோலை மாற்றும் கடைக்குக் கூட்டிப்போனான், திரும்பி வந்தால் வேலைத்தளத்தில் எவராடோவின் பெண்டாட்டி, உன் ஞானத்தாய் ஒத்தில்யா காப்பி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் சேர்ந்து ஒரு சீட்டு போடுவோம், கொமாத்ரே. கையில காசு இருந்தா கரைஞ்சு போயிடும், சீட்டுல கெடந்தா ஒரு நாளைக்கு மொத்தமா வரும்" என்று ஞானத்தாய் உறவு கொண்டாடி, கொமாத்ரே கொமாத்ரே என்று தேன் ஒழுகப் பேசினாள்.

சீட்டு என்றால் நம் ஜனங்களுக்குக் கோயில் மாதிரி. உன் ஞானஸ்நான விருந்தே நான் சீட்டெடுத்த பணத்தில்தான் நடந்தது. சீட்டு பிடிக்கிறவளிடம் கணக்குக் கேட்பது அவள் முகத்தில் துப்புகிற மாதிரி, அதுவும் என் மகளை ஞானஸ்நானத் தொட்டியில் தாங்கிப் பிடித்தவளிடம் நான் எப்படிக் கேட்பேன்? அதனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பார், நான் எவ்வளவு பெரிய முட்டாள், எந்தச் சீட்டிலாவது ஆளுக்கொரு தொகை கட்டுவது உண்டா? எல்லாரும் சமமாகப் போட்டால்தானே அது சீட்டு. இவள் எங்களிடம் வாங்கியது அவரவர் காசோலையில் வெளிக்கூலிக்கு மேலே இருந்த அத்தனையும், அதிக மணிநேரம் வேலை செய்தவன் அதிகம் கொடுத்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஒருத்தர் மண்டையிலும் இது உறைக்கவில்லை, ஏனென்றால் முதல் நம்பர் அந்த அண்ணன் மகனுக்கே விழுந்தது, ஒத்தில்யா லாரியின் பின்பலகையில் நோட்டுகளைப் பரப்பி எல்லார் கண்ணெதிரிலும் எண்ணிக் கொடுத்தாள், நாங்களும் கைதட்டினோம். இரண்டாவது அவள் அக்கா மகனுக்கு. மூன்றாவது ஃபிடென்சியோவுக்கு, ஒஹாகாவிலிருந்து வந்தவன், ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொட்டால் சுவர் கண்ணாடி மாதிரி வரும். அவனுக்கு "அடுத்த தடவை பாக்கலாம்ப்பா" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் நம்பர் வந்தது, இன்சுலினுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன், என் தோளில் கை போட்டு, "உன் முறைய எடுத்துப் புது ஸ்ப்ரே மிஷின் வாங்கிட்டோம், கொமாத்ரே. நம்ம குடும்பத்துக்குள்ள என்ன உனக்கு எனக்குன்னு?" என்றாள். அவள் வாங்கிய மிஷினை வைத்து நான்தான் சுவருக்கு அடித்தேன், வாடகை கேட்காமல் விட்டாளே!

இதைத்தான் கிறிஸ்துமஸ் அன்றைக்கு உன்னிடம் ஃபோனில் புலம்பினேன். நீ "சரிம்மா, நான் பாத்ரினோகிட்ட கேக்கறேன்" என்றாய், உன் ஞானத்தந்தையிடமே கேட்கிறாய் என்று எனக்கும் மனம் ஆறியது, ஏனென்றால் எவராடோவின் கம்பெனிக் கணக்கை சிகாகோவிலிருந்து கம்ப்யூட்டரில் எழுதுகிறவள் என் மகள், படித்தவள், அவள் கேட்டால் அந்த ஆள் பயப்படுவான் என்று நினைத்தேன். வாரா வாரம் அரசாங்கத்துக்குப் போகிற கூலிக் கணக்கில் நீதான் கையெழுத்துப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. போன வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன்.

ஃபிடென்சியோ சும்மா இருக்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டில் நின்று, "என் நம்பர் எங்க, சீன்யோரா?" என்று கேட்டுவிட்டான். திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை, மூன்று பிள்ளைக்காரன். அவன் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். வியாழக்கிழமை அங்கிருந்து மிஸ் தாவ் என்று மோங் இனத்துப் பெண் ஒருத்தி வந்தாள், உன் வயசுதான் இருக்கும், நம் ஸ்பானிஷ் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறாள். எங்களை ஒவ்வொருவராக ஓரமாகக் கூப்பிட்டு, இந்தக் கூலி முழுக்க உங்கள் கையில் தங்குகிறதா என்று கேட்டாள். எல்லாரும் அண்ணன் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீட்டு எங்கள் இஷ்டம் என்றார்கள். என்னிடம் அவள் அந்தக் கூலிக் கணக்குத் தாளை வாசித்துக் காட்டினாள், வேலையாட்களுக்கு முழுக்கூலியும் கொடுத்தாயிற்று, அதில் எந்தப் பங்கும் நேராகவோ சுற்றிவளைத்தோ திரும்ப வாங்கப்படவில்லை, இது பொய்யானால் சட்டப்படி தண்டனை ஏற்கிறேன் என்று. அடியில் உன் பெயர். செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். அப்போதும் என் மகளுக்குத் தெரிந்திருக்காது, கேட்டும் மழுப்பியிருப்பார்கள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை எவராடோ வீட்டுக்கு வந்தார், அண்டா நிறைய ஆட்டுக்கறியும் சோளரொட்டியுமாக, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. உட்கார்ந்து அழுதார், நிஜமாகவே அழுதார். "எங்கிட்ட என்ன பண்ணச் சொல்ற, அம்பாரோ? எவன் கம்மியா கேக்கறானோ அவனுக்குத்தான் வேலை குடுப்பான். சட்டப்படி கூலி போட்டுக் கணக்கு பண்ணா எனக்கு ஒரு சுவர்கூட கெடைக்காது. நான் வீடுங்களுக்கு அடிக்கிற கூலியப் போட்டுத்தான் தொகையே சொன்னேன்" என்றார். அப்போ அந்த மிச்சத்தை யார் கொடுக்கிறது, நாங்களா என்று கேட்டேன். அப்புறம் குரலை மாற்றி, "இனிமே அரசாங்க வேலையே எடுக்க முடியாம பண்ணிடுவாங்க, நான் தெருவுக்கு வந்துடுவேன். அது கெடக்கட்டும், கையெழுத்து யாரோடதுன்னு யோசிச்சியா? உன் பொண்ணத்தான் மொதல்ல கேப்பாங்க" என்றார். என் சமையலறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மகளைக் காட்டி என்னையே மிரட்டுகிறார்! எழுந்து கதவைத் திறந்து வைத்தேன். போன பிறகு உன் அப்பா ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, "கறி நல்லாத்தான் இருக்கு, கொண்டாந்த ஆளுதான் நல்லால்ல" என்றார். மீதியை நான் எதிர்வீட்டு நாய்க்குப் போட்டேன்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். எனக்குத் தெரியாது அம்மா, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நீ சொல்வாய் என்று எதிர்பார்த்துத்தான் ஃபோனை எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "கிறிஸ்மஸ்லேர்ந்தே எனக்குத் தெரியும்மா. சீட்டு அவங்களுக்குள்ள, அது கூலிக்கணக்குல வராதுன்னு பாத்ரினோ சொன்னாரு. எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க. நீ பேசாம இருந்துட்டா ஒண்ணும் ஆகாது" என்றாய். எல்லாரும் என்றால் யாரடி எல்லாரும்? ஃபிடென்சியோவா? ஊசி மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிற உன் அப்பனா? ஆமாம், பாதி பாதியாகத்தான் போட்டுக்கொள்கிறார், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அந்த டப்பாவில் பணத்தைப் போட்டேன், நீ அங்கே உட்கார்ந்து திரும்ப வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். கையில் தங்காத காசுக்கு என்னிடம் வரி வேறு பிடித்தாய். அந்தத் தாளில் என் பெயரும் இருக்கிறதே, அதைத் தட்டும்போது உன் விரல் ஒரு நொடியாவது நிற்கவில்லையா? பெற்ற வயிறு கேட்கிறது, சொல்.

எவராடோ உன் காலேஜ் ஃபீஸ் கட்டினார், எனக்கு மறக்கவில்லை, அதற்காக அவர் வீட்டுச் சுவர் முழுக்க நான் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன், நீ உன் பங்குக்கு நன்றிக்கடன் தீர்க்க வேண்டுமென்றால் உன் காசில் தீர்த்திருக்கலாம். ஃபிடென்சியோ உனக்கு என்ன கடன் பட்டான்? சட்டம் ஒன்றும் கஷ்டமானது இல்லை என்று மிஸ் தாவ் சொன்னாள். நிர்ணயித்த கூலியைக் கொடு, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதே, உள்ளதை உள்ளபடி எழுது. இதற்கு காலேஜ் வேண்டாம்.

இன்று காலையில் போனேன். உன் அப்பாதான் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, பனியில் ஊர்ந்து ஊர்ந்து, காரை ஓட்டினார். நான் இறங்கும்போது, "புள்ளய விட்டுட்டுச் சொல்ல முடியுமான்னு பாரேன், கிழவி" என்றார். பார்த்தேன், நெரெய்டா. ராத்திரியெல்லாம் அதைத்தான் பார்த்தேன். சீட்டைச் சொல்லாமல் கூலியைச் சொல்ல முடியாது, கூலியைச் சொல்லிவிட்டு உன்னை மறைக்க முடியாது, மறைத்தால் நானும் உன்னைப் போல ஒரு பொய்த்தாளில் கையெழுத்துப் போட்டவள் ஆவேன். டப்பா, வேன், லாரிப்பலகை, ஸ்ப்ரே மிஷின், எல்லாம் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு மிஸ் தாவ், இந்தக் கணக்கைத் தயாரித்தவருக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனியில் நின்றது. தெரியும், அவள் என் மகள் என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் ஒன்று சொன்னாள், தானாக வந்து பேசுகிறவரை ஒரு மாதிரி பார்ப்போம், ஆள் அனுப்பிக் கூப்பிட வைக்கிறவரை வேறு மாதிரி பார்ப்போம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்று. அவள் ஃபோன் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடுவதற்கு முன்னால் நல்ல வக்கீல் ஒருவரைப் பார், எவராடோவின் வக்கீலைப் பார்க்காதே, அவன் எவராடோவைத்தான் காப்பாற்றுவான்.

இனி எவராடோவும் ஒத்தில்யாவும் நம் வாசலை மிதிக்க மாட்டார்கள், ஈஸ்டருக்கு மேசையில் இரண்டு நாற்காலி காலி. எனக்கும் வேலை போகும், போகட்டும், பிரஷ் பிடிக்கத் தெரிந்தவளுக்குச் சுவருக்கா பஞ்சம். சாயங்காலம் ஃபிடென்சியோ வீட்டுக்குப் போகப்போகிறேன், அவன் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும். உன் முகத்தையும் நினைத்துக்கொண்டுதான் போவேன்.

மாதா உன்னை ஆசீர்வதிக்கட்டும், மாப்பிள்ளையையும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை அந்தத் தாள் மறுபடியும் உன் கம்ப்யூட்டருக்கு வரும், அதைத் தொடாதே. விமானத்துக்குக் காசு இல்லையென்றால் சொல், என் கார் விலை போகும். வா. அந்த அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நீ உன் வாயால் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன், கையை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் அம்மா
அம்பாரோ