பதினாலாம் நம்பர் நிலம்

குதைபியா, மனாமா

அன்பு மகன் மணிகண்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ஜோதிமணியும் மாப்பிள்ளையும் பேத்தி மஹதியும் மீனாட்சி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், ருவைஸ் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் எனக்குக் கவலை. மஹதி ஸ்கூலில் ஓட்டத்தில் கப் வாங்கியிருக்கிறாள், தமிழ் மட்டும் எழுத வரவில்லை, அஞ்சாம் வகுப்போடு நின்ற என் எழுத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறாள். இதைப் போனில் சொல்லாமல் எழுதுவது ஏனென்றால், உன் ரூமில் ஆறு பேர், நீயோ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன்.

நிலத்தை விற்க நான் பவர் எழுதித் தருவதற்கு வியாழக்கிழமை எம்பசியில் ஜோதிமணி நேரம் வாங்கிவிட்டாள். பதிமூணு, பதினாலு இரண்டு நம்பரும் சேர்ந்தால்தான் வாங்குகிறவர் எடுப்பார், அது முடிந்தால் டியூட்டியை விட்டு ஊரோடு வந்துவிடுவேன் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் போன வாரம் உன் ரூம் பத்மநாபன் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, தாய் காரியத்துக்கு லீவில் போனவர் திரும்பி வந்தால் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தான், கேம்ப் ஆள் "கலாஸ் பாய், பெட் மாஃபி" என்று சொல்லி, கட்டில் இல்லையென்று கையை விரித்தான், மனுஷன் பெட்டியோடு வாசலிலேயே நின்றார் என்று. நான் சிரிக்கவில்லை என்பதை நீ கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நாகவள்ளி வந்து நிற்கிறாள். லிஃப்ட் கதவு திறந்தால் நிற்கிறாள், மஹதியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் எதிர்க் கடை வாசலில் நிற்கிறாள், கைக்குழந்தையும் தகரப் பெட்டியுமாக, அந்த வயது மாறவே இல்லை.

நீ பிறக்குமுன் நடந்தது இது. மில்லை மூடியதும் வேலையில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு சர்க்கார் ஆளுக்கு இரண்டு ஏக்கர் கரட்டுக்காடும் ஓட்டு வீடும் கொடுத்துக் காலனி போட்டது உனக்குத் தெரியும். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் நிலத்தைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாது. அதனால் யார் வெளியூர் போனாலும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போவோம், அவர்கள் சாயங்காலம் அடுப்பை மூட்டிப் புகை காட்டி, கொடியில் ஒரு சேலையும் தொங்கவிட வேண்டும், அதுதான் காலனி வழக்கம். நமக்கு அடுத்த வீடு, பதினாலாம் நம்பர் நாகவள்ளி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனாள், அங்கே ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், புருஷன் உடையப்பனும் கூடவே இருந்தார். இரண்டு மாதம் புகை காட்டினேன். அப்புறம் நம் கிணறு வற்றிவிட்டது, அவர்கள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது, நான் அந்த அடுப்புப் பக்கம் போகவில்லை. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்கும் சர்க்கார் சூப்பர்வைசர் நோட்டோடு வந்தார், காலனிப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், "அச்சடிச்ச மாதிரி எழுதுறீங்களேம்மா, நீங்களே எழுதிக் குடுங்க" என்றார், எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலாம் நம்பர் வீடு பூட்டிக் கிடக்கிறது, அடுப்பு எரியவில்லை என்று எழுதினேன். பொய் ஒரு வார்த்தை இல்லை. பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், சாவி என் முந்தானையில் இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை.

நிலம் உன் அப்பா பேருக்கு ஆனது. அவர்கள் வந்தபோது அந்த வாசலில் நம் ஆடு கட்டியிருந்தது. "அக்கா, சாவியக் குடுக்கா, பிள்ள பசியில கத்துது" என்றாள், கொடுத்தேன், உன் அப்பா பூட்டை மாற்றியிருந்தார், அவள் அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, உடையப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். உன் அப்பா அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சினார், சாகும்வரை ஒரு மடக்குக் குடித்ததில்லை, ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அப்பாவுக்குப் பின் பட்டா என் பேரில் இருக்கிறது. பதிமூணுக்கு மட்டும் பவர் எழுதித் தருவேன், பதினாலுக்கு மாட்டேன். வாங்குகிறவர் போய்விடுவார், இன்னும் எத்தனை வருஷம் நீ அந்த வெயிலில் நிற்க வேண்டுமோ, தெரிந்துதான் சொல்கிறேன் ராசா. என்னைத் திட்டு, தங்கையை விட்டு மடக்கப் பார்க்காதே. லீவில் போகும்போது மானாமதுரைப் பக்கம் அவள் பிறந்த ஊரில் விசாரி, ஊர்ப் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். யார் இருந்தாலும் நான் எழுதிக் கொடுத்ததைச் சொல், சர்க்கார் செய்தது என்று பூசி மெழுகாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, சைட்டில் தலையில் ஈரத்துணி போட்டுக்கொள், அம்மன் உன்னைக் காக்கட்டும். மறந்துவிடாதே, அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அது ஆணா பெண்ணா என்றுகூட அன்றைக்கு நான் கேட்கவில்லை. போனதும் முதலில் அதைக் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுசீலா