நீ காலியாக விட்ட மூன்று பக்கங்கள்

பாய், இன்று காலையில் உன் தம்பி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். திறந்ததும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை. தோல் மண்டியிலிருந்து நீயே கைகூடக் கழுவாமல் வந்து நிற்பது போல இருந்தது. அப்போதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நாம் சேர்ந்து வேலை பார்த்த நாளில், மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்ததும் மண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் நாவலை உனக்குப் படிப்பேன். பாலாற்று வெள்ளத்தில் கைக்குழந்தையோடு இறங்கிய அஞ்சலை அக்கரை சேர்ந்தாளா? உனக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கோ முதல் அத்தியாயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பதினோரு தரம் திருத்தினேன். உனக்குப் படித்ததையெல்லாம் கரடுமுரடு என்று அடுப்பில் போட்டேன்.

"இன்னாப்பா நீ! பொம்பள தண்ணியில நிக்கிறா, நீ வாசலைக் கழுவிக்கினு இருக்கியே!" என்று கத்துவாய். ஒருநாள் எரிச்சலில், "தமிழ் எழுத்தே தெரியாத உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டேன். பாவி, சொல்லிவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தாய்.

காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். "அஞ்சலை இன்னா ஆனா, தோஸ்த்?"

"முதல் அத்தியாயம் சரியாகட்டும், சொல்றேன்" என்றேன். நாலாம் நாள் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

நோட்டு முழுக்க அரபு எழுத்து. உன் தம்பியைப் படிக்கச் சொன்னேன். தமிழ்! என் தமிழ்! மத்தியானம் கேட்டதை வீட்டுக்குப் போய், மதரஸாவில் கற்ற எழுத்தில் அப்படியே எழுதிவைத்திருக்கிறாய். நான் எரித்த கதை. ஒரே சொல் இரண்டு தரம் வருகிறது, ஒரு வாக்கியம் நொண்டுகிறது. ஆனால் அதில் ஆறு ஓடுகிறது, பாய். என் பதினோரு திருத்தத்திலும் அது ஓடவில்லை. கோபம் கோபமாக வந்தது.

கடைசி மூன்று பக்கம் காலி. "முடிவுக்காக அண்ணன் விட்டுவெச்சது" என்றார் தம்பி.

பேனாவை அவரிடமே கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் ஒரு சொல் பிடிக்காமல், அதைக் கோடு போட்டு அடிக்கக் கை நீட்டினேன். அந்த அரபு எழுத்தில் அது எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை! கையை மடியில் வைத்துக்கொண்டு மேலே சொன்னேன். இனித் திருத்தவே மாட்டேன் என்று சொல்லமாட்டேன். இந்தக் கை இப்போதும் பரபரக்கிறது. ஆனால் முதலில் கதையைச் சொல்லி முடிப்பேன்.

அவள் கரையேறிவிட்டாள், பாய். குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.